காட்டு மலையில் முதல் ஏற்றம்: அனுமதியிலிருந்து இறக்கம் வரை

முதல் தடவை மலையேறப் போகிறவர்களில் பெரும்பாலோர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது திரும்பும்போதுதான். தண்ணீர் தீர்ந்திருக்கும், முட்டி நடுங்கும், கட்டைவிரல் நகம் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து வலிக்கும், மணி நாலரை ஆகியிருக்கும். எனவே இங்கே சொல்லியிருப்பது எல்லாமே இறக்கத்தை மனதில் வைத்துச் சொன்னது. உதாரணத்துக்குத் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரியில் இருக்கும் சுவாமிமலைப் பாதையை எடுத்துக்கொள்வோம். முதல் முறைக்கு அது பொருத்தமான மலை.

1. எந்த மலை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். ஒன்று, போய்வர மொத்தம் எத்தனை கிலோமீட்டர். மற்றொன்று, தொடங்கும் இடத்திலிருந்து உச்சி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் முறை என்றால் 8 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம், இதற்குள் இருக்கட்டும். கடல் மட்டத்திலிருந்து மலை எவ்வளவு உயரம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவாமிமலை உச்சி 1,300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆனால் ஏலகிரி ஊரே 1,000 மீட்டருக்கு மேலுள்ள மேட்டுநிலத்தில் இருப்பதால், மங்கலம் கிராமத்திலிருந்து நீங்கள் காலால் ஏறுவது 300 மீட்டருக்குள்தான். போய்வர ஏறத்தாழ 6 கிலோமீட்டர்.

வெள்ளியங்கிரியை முதல் மலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழு மலை, ஒரு வழிக்கே ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். ‘எல்லாரும் போறாங்க, நாமும் போயிடலாம்’ என்று கூட்டத்தோடு ஏறுகிறவர்களுக்குத் திரும்பும் வழி பெரும் வதை.

இன்னொரு வகைப் பாதையில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்குப் போகும் பாதையில் காலையில் இறங்குகிறீர்கள். சுலபமாகத் தெரியும். அதே வழியில் திரும்புவதென்றால், ஏற்றம் முழுவதும் மத்தியான வெயிலில், களைத்த காலோடு காத்திருக்கும். கீழே போய் மேலே வரும் பாதை எதுவானாலும் மூன்றாவது நான்காவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். (போகும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிவிடுங்கள்.)

2. அனுமதி வாங்குங்கள்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன.

இப்போது இருக்கும் நேரான வழி, 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம். 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து அறிவித்தார்கள். முன்பதிவு இணையதளத்தில். பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூடவே வருகிறார்கள். செய்ய வேண்டியவை இவை:

முதலில் பாதையின் பக்கத்தைத் திறந்து அது எந்த வகை, எத்தனை மணி நேரம், எங்கே எத்தனை மணிக்கு வந்து நிற்கச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். பிறகு வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள அட்டையில் இருக்கிறபடியே, தலைப்பெழுத்தோடு பதியுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டு ஆதாரை நீட்டினால் வாசலில் வாக்குவாதம்தான் மிஞ்சும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். 10 வயதுக்குக் கீழே என்றால் எளிய பாதை மட்டும், அதுவும் பெற்றோர் கூட வர வேண்டும். உடல்நிலை பற்றிக் கேட்கும் இடத்தில் உள்ளதை எழுதுங்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை, முன்பு செய்த இதய சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் ஆபத்து நேரத்தில் வழிகாட்டிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகும்.

கட்டணம் பாதைக்குப் பாதை மாறும், ஜிஎஸ்டியும் சேரும். பழைய வீடியோவில் யாரோ சொன்ன தொகையை நம்பாமல், பணம் கட்டும் பக்கத்தில் தெரிவதையே கணக்கில் கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன்னால் ரத்து விதியைப் படித்துவிடுங்கள். மழை, யானை நடமாட்டம், தீ அபாயம் என்றால் வனத்துறை எந்த நேரமும் பாதையை மூடலாம்.

இங்கே இருக்கும் பெரிய கண்ணி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் ‘வார இறுதி ட்ரெக், எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்’ விளம்பரம். ‘பர்மிஷன் நாங்க பாத்துக்கறோம்’ என்பார்கள். உங்கள் பெயர், தேதி, பாதை மூன்றும் உள்ள அனுமதிச் சீட்டின் நகலை முன்கூட்டியே கேளுங்கள். கொடுக்க மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் வழக்கு உங்கள் மேலும்தான் வரும்.

அசல் அடையாள அட்டை, முன்பதிவுச் சீட்டின் அச்சுப்பிரதி, சிறுவர் இருந்தால் ஒப்புதல் கடிதம், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ரத்த வகை, வீட்டாரின் எண் எல்லாவற்றையும் ஒரு ஜிப் உறையில் போட்டு வையுங்கள். போனில் மட்டும் வைத்துக்கொண்டு போனால் மலையடிவாரத்தில் சிக்னல் இருக்காது.

3. மாதமும் நேரமும்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது திறந்திருப்பதாக யாராவது கூட்டிப்போனால் போகாதீர்கள். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும், மொட்டைப் பாறை உச்சியில் நிற்கக் கூடாத காலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டைப்பூச்சியும். ஏலகிரி, ஜவ்வாது, சேர்வராயன் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை. முதல் தடவைக்கு டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மரத்தடியில் ஐந்து மணிக்கே வேர் எது, கல் எது என்று தெரியாது.

4. நான்கு வாரம் படி ஏறுங்கள், இறங்குங்கள்

தினமும் தெருவில் நடப்பது போதாது, படிதான் பயிற்சி. ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்தால் 300 மீட்டர் ஏற்றம் 100 மாடிக்குச் சமம். ஐந்து மாடிக் கட்டிடத்தை 20 தடவை ஏறி இறங்குவது. மிரள வேண்டாம். முதல் வாரம் 4 தடவை, அடுத்த வாரம் 6, பிறகு 9, கடைசி வாரம் 12. வாரத்தில் நான்கு நாள். கடைசி வாரத்தில் முதுகில் 4 கிலோ பையையும் போட்டுக்கொள்ளுங்கள். மலைக்கு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிட்டுக் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

லிஃப்டில் இறங்காதீர்கள், பயிற்சியில் பாதி இறங்குவதில்தான் இருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இந்த வேலையில்தான் களைத்துப் போகும், மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியாத வலியும் இதனால்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடை விட்டுக்கொடுத்தால் நின்றாலும் திரும்பாது.

ஊரில் குன்றுக்கோயில் இருந்தால் நல்லது. திருச்சி மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேல் படி, திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கும் மேல், பழனியில் அறுநூறுக்கும் மேல். நடுவில் உட்காராமல், பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் நீங்கள் தயார். ஆனால் கோயில் படியை வெறுங்காலோடு ஏறுவதால் புது ஷூ அங்கே பழகாது. அதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

5. ஷூ

பணத்தை இதில் போடுங்கள். விலை உயர்ந்த கணுக்கால் பூட்ஸ் முதல் மலைக்கு அவசியமில்லை. அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் உள்ள, முன்பக்கம் விரலை மூடிக் கெட்டியாக இருக்கும் ஷூ போதும். கேன்வாஸ் ஷூ, வழவழப்பான அடியுள்ள ஜிம் ஷூ, சாண்டல் மூன்றும் காய்ந்த சருகின் மேல் வழுக்கும்.

மாலையில் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி மலையில் இருக்கப்போகும் அளவுக்கு வந்திருக்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். லேஸைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டி, கடையில் ஏதாவது சரிவுப் பலகையோ படியோ இருந்தால் அதில் கீழ்நோக்கி நில்லுங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். கடையின் சமதரையில் சரியாக இருக்கும் ஷூதான் இறக்கத்தில் நகத்தைக் கருக்கும்.

வாங்கியபின் குறைந்தது 25 கிலோமீட்டர் ஊரில் நடந்து பழக்குங்கள். பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடவைக்கும், செயற்கை இழையோ கம்பளி கலந்ததோ நல்லது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள்.

அலமாரியில் நாலைந்து வருடமாகச் சும்மா கிடந்த ஷூவை எடுத்துப்போகாதீர்கள். பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அடிப்பாகத்து நுரையும் பசையும் உள்ளுக்குள் உதிர்ந்து போயிருக்கும். நடு மலையில் அடிப்பாகம் வாய் பிளந்துகொள்ளும். பையில் இரண்டு துண்டு நைலான் கயிறு இருந்தால் அதைக் கட்டி ஊர் வந்து சேரலாம்.

6. பையில் என்ன

தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் கணக்கு. ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர், அதாவது இரண்டரை கிலோ. இதில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தனியாகப் பையின் அடியில் வையுங்கள். அது இறக்கத்துக்கு உரியது, உச்சியில் யார் கேட்டாலும் எடுக்காதீர்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றுக்கு முழுதாக ஒரு லிட்டர் தண்ணீர். அளவு பார்க்காமல் கொஞ்சம் தண்ணீரில் கொட்டிக் குடித்தால் வயிற்றைப் புரட்டும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ எவர்சில்வர் டப்பாவில். கடலைமிட்டாய், பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை இடுப்புப் பக்கப் பையில். பசி தெரிவதற்கு முன்பே முக்கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் சாப்பிடுங்கள். பிளாஸ்டிக் கவரைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். அதன் சரசரப்பைக் கேட்டாலே குரங்குகள் இறங்கி வந்துவிடும்.

முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், முட்டியை மடக்கவிடாது. மண், காய்ந்த இலை, பச்சை நிறங்கள் நல்லது. சென்ட், வாசனைத் தைலம் பூசாதீர்கள், மலைத்தேனீயைக் கிளப்பிவிடும்.

இவை தவிர நெற்றியில் கட்டும் டார்ச் (பகல் நடைக்கும் வேண்டும்), விசில், மழைக்கோட்டு, தொப்பி, ஒட்டும் பிளாஸ்டர், எலாஸ்டிக் பேண்டேஜ், உங்கள் சொந்த மருந்துகள், ஒரு கைப்பிடி உப்பு, குப்பைக்கு ஒரு துணிப்பை. தீப்பெட்டி, லைட்டர், பீடி சிகரெட், மது எதுவும் வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரையும் வீட்டில் வையுங்கள். காட்டெருமை செடியை ஒடிக்கும் சத்தம் முதலில் உங்கள் காதில் விழ வேண்டும். பை மொத்தம் 5 கிலோவைத் தாண்டக் கூடாது.

7. போய்ச் சேருவது, செலவு

ஏலகிரிக்கு இறங்க வேண்டிய ரயில் நிலையம் ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி இரவில் வந்து சேரும், திரும்பும் வண்டி விடிகாலையில். ஆகவே மலையேறிய அன்றே ஊர் திரும்ப அது உதவாது, பகல் வண்டிகளில் வேறொன்றைப் பாருங்கள். இரவு இறங்கினால் மலைமேல் போகப் பேருந்து கிடைக்காது. ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ தங்கிக் காலையில் ஏறலாம், ஆனால் அதில் ஏறும் நேரம் பின்னுக்குப் போய்விடும். முதல் நாள் மதியமே 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்த் தங்குவதுதான் சரி. வளைவில் குமட்டுகிறவர்கள் வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கட்டணம் தவிர, சென்னையிலிருந்து வருகிறவர் போக்குவரத்து, ஓர் இரவு பகிர்ந்த அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் எடுத்து வையுங்கள். அதற்கு மேல் 1,000 ரூபாய் சில்லறை நோட்டாகத் தனியாக இருக்கட்டும். மலையில் யுபிஐ வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள்.

8. ஏறும் நாள்

நேரக் கணக்கு இப்படி: காட்டுப் பாதையில் 3 கிலோமீட்டருக்கு ஒரு மணி. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகக் கால் மணி. மொத்த ஓய்வு முக்கால் மணி. சுவாமிமலைக்கு 2 மணி, பிறகு முக்கால், மேலும் முக்கால், ஆக மூன்றரை மணி. முதல் தடவை என்பதால் ஐந்து மணியாக வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால் 12க்குள் கீழே இருக்கலாம்.

கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்: ‘ஒன்பதரை ஆனால், எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்.’ உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அதுதான். வீட்டிலும் ஒருவருக்குப் பாதை, வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம் மூன்றையும் அனுப்பிவிட்டு, போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். குளிர்ந்த காலை, புது உற்சாகம், வேகமாக ஏறிப் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். குழுவில் மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக விடுங்கள். கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது.

உயரமான படிக்கல்லில் ஒரே தாவாக ஏறாமல், பக்கத்தில் சின்னக் கல் இருந்தால் அதில் ஒரு காலை வைத்து இரண்டாக ஏறுங்கள். முழுப் பாதத்தையும் ஊன்றுங்கள். மரக்கட்டையைத் தாண்டும்போது மறுபக்கம் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். பாறை இடுக்கில் கையை நுழைக்காதீர்கள்.

9. இறக்கம்

உச்சியில் இருபது நிமிடம் போதும். கிளம்புமுன் உட்கார்ந்து ஷூ லேஸை முழுதாக அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவையுங்கள். மேலேயுள்ள கடைசித் துளையில் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்துத் துளையில் செருகினால் இருபக்கமும் சின்ன வளையம் கிடைக்கும். வலது முனையை இடது வளையத்திலும் இடது முனையை வலது வளையத்திலும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். இனி கால் முன்னால் சறுக்காது.

முட்டியைச் சற்று மடக்கியே வையுங்கள், நேராக நீட்டிய காலில் எடையைப் போடாதீர்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். சரளை மண் சரிவில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் கால் முன்னால் வழுக்கி இடுப்பில் விழுவீர்கள். எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். கைத்தடி இருந்தால் ஏறும்போது இருந்ததைவிட ஒரு சாண் நீளம் கூட்டி, காலுக்கு முன்னால் ஊன்றுங்கள். ஓடாதீர்கள். ஈர வேரும் பாசி படிந்த பாறையும் கண்ணில் படும்போது நிற்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

காலில் எங்காவது சூடாக எரிகிற மாதிரி இருந்தால் ‘கீழே போய்ப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் அங்கேயே நின்று, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கும்.

10. ஏதாவது ஆகிவிட்டால்

வழி தவறினால் நில்லுங்கள். கீழே ஓடை இருக்கும் என்று புதரைப் பிரித்து இறங்காதீர்கள், ஓடை அருவியில் போய் முடியலாம். ஒரு நிமிடத்தில் ஆறு தடவை விசில், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. பல நாடுகளில் மலையில் இதுதான் உதவிக் குரல்.

நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை: வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு நடக்கவிடாதீர்கள். உட்காரவைத்து 108ஐ அழைக்க ஆள் அனுப்புங்கள்.

அட்டை கடித்தால் பிய்க்காமல், நகத்தை அதன் வாய்ப் பக்கம் தோலோடு சேர்த்து நகர்த்தி விலக்குங்கள், அல்லது உப்பைத் தூவுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. தேனீ கிளம்பினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடித்த கால் அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகை தெரிந்தால் மேலே ஏறித் தப்பிக்க நினைக்காதீர்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ விலகி, புல்லில்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ போங்கள்.

கீழே வந்ததும் வழிகாட்டியிடம் எல்லாரும் வந்தாயிற்று என்று எண்ணிச் சொல்லுங்கள், வீட்டுக்கும் செய்தி அனுப்புங்கள். ஷூவைக் கழற்றி விரலிடுக்கு, முட்டிப் பின்புறம், இடுப்புப் பட்டை அடியில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஈர ஷூவில் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். மறுநாள் தொடை வலிக்கும்போது படுத்தே கிடக்காமல் சமதரையில் இருபது நிமிடம் நடங்கள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தால் பிடுங்காதீர்கள். புது நகம் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். அடுத்த தடவை அரை அளவு பெரிய ஷூ வாங்குங்கள்.